குரோம்பேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரான குரோம்பேட்டைக்கு வீடு தேடி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தண்ணீர் எப்படி?" என்பது. அவர்களுடைய பிள்ளைகள் கேட்பது, "ஊருக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?" என்பது. இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. இந்த ஊரில் நெடுநாளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊருக்கு ஏன் குரோம்பேட்டை என்று பெயர்?

சென்னையைச் சுற்றிப் பேட்டைகளுக்குக் குறைவில்லை. சைதாப்பேட்டை, ராயப்பேட்டை, தேனாம்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பெரும்பாலும் ஆளின் பெயரோ தொழிலின் பெயரோ முன்னால் நிற்கும், பேட்டை பின்னால் வரும். குரோம்பேட்டையில் முன்னால் நிற்பது ஓர் உலோகத்தின் பெயர், குரோமியம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லாவரத்துக்குத் தெற்கே, சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் ஆலையை நடத்தினார். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் வளர்ந்தன. 'குரோம் கம்பெனி இருக்கும் பேட்டை' என்று மக்கள் வாயில் வழங்கியது ரயில் நிலையப் பலகையில் ஏறி, ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. சேம்பர்ஸ் காலனி என்ற பெயரும் இங்கே இன்றுவரை வழங்குகிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'e' என்ற எழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பம் உண்டு. கடைப் பலகைகளில் இரண்டு விதமாகவும் காணலாம். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை.

குரோம் தோலில் அப்படி என்ன சிறப்பு?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரின் பெயரையே சுமந்துகொண்டு, அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதைப் பதனிட வேண்டும். தமிழ்நாட்டின் பழைய முறை ஆவாரம்பட்டை. பட்டையை ஊறவைத்த தொட்டிகளில் தோலைப் போட்டு, மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, பிறகு கடுக்காய் நீரில் முக்கி எடுப்பார்கள். நல்ல தோல்தான். ஆனால் நாள் பிடிக்கும், தொடர்ந்து தண்ணீரில் கிடந்தால் தாங்காது. குரோமிய உப்பில் பதனிடும் முறையோ ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். சுழலும் பெரிய மரப் பீப்பாய்களில் தோலையும் உப்புக் கரைசலையும் சேர்த்து உருட்டுவார்கள். வெளியே வரும்போது தோல் ஈரமாக, வெளிர் நீலமாக இருக்கும். தோல் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'வெட் ப்ளூ'.

சென்னை மாகாணத்தில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்து நிலைநிறுத்தியவர் அரசு அதிகாரியாக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன். இங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வழி திறந்தவரும் அவர்தான். குரோம் தோலில் அவர் கண் வைத்தது கனவான்களின் காலணிக்காக அல்ல. கமலையில் கிணற்று நீர் இறைக்கும் தோல்பைகள் சீக்கிரம் இற்றுப்போய்விடுகின்றன, தண்ணீரில் நீண்ட காலம் உழைக்கும் தோல் வேண்டும் என்பதே அவருடைய தேடலின் தொடக்கம். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த உழவனின் தேவை ஒரு தொழிலை வளர்த்து, அந்தத் தொழில் ஓர் ஊருக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

தோல் வேலையில் கைகளை நனைத்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் தோல் ஆலைகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி முடி நீக்கி, சதை வழித்து, நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். குரோம்பேட்டை வரலாறு என்று பேசும்போது கோயில், கல்லூரி, ரயில் என்று பட்டியல் நீளும். அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஊரின் பெயரே அவர்கள் உழைப்பிலிருந்து வந்தது.

ஆலை வருவதற்கு முன் இங்கே வெறும் பொட்டல்தானா?

ஊரின் பெயர்தான் புதிது. மண்ணுக்கு வயது மிக அதிகம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தின் செம்புறைச் சரளை மண்ணில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கான ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு வடக்கே அடுத்த நிலையம் பல்லாவரம். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள்.

பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆயிற்று என்பார்கள். அங்குள்ள குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குடைவரை ஒன்று இருக்கிறது, பின்னாளில் அது தர்கா ஆகிவிட்டது. மேற்கே திருநீர்மலை. 108 திவ்விய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் பெருமாள் அங்கே காட்சி தருகிறார். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் மழைக்காலத்தில் இந்தப் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களில் நடந்தவர்களுக்கு, அந்த ஆறு மாதக் காத்திருப்பு கற்பனையாகத் தோன்றாது.

தோல் ஆலை இருந்த இடம் எப்போது குடியிருப்பாக மாறியது?

ரயிலால்தான். 1931 மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்சாரப் புறநகர் ரயில் அது. மீட்டர் கேஜ் பாதை, சுமார் 29 கிலோமீட்டர். கோட்டையிலோ பாரிமுனையிலோ குமாஸ்தாவாக வேலை பார்த்தவர், ஊருக்கு வெளியே சொந்தமாக மனை வாங்கிக் குடியிருக்கலாம் என்ற எண்ணமே அந்த ரயிலால் வந்ததுதான்.

பெரிய வளர்ச்சி சுதந்திரத்துக்குப் பிறகு. அரசு அலுவலகம், ரயில்வே, தபால் தந்தி, வங்கி என்று மாதச் சம்பளக்காரர்கள் வந்தார்கள். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அதில் முன்னால் வேப்பமரம், பின்னால் கிணறு, இரண்டு தென்னை, துணி துவைக்க ஒரு கல், நடுவில் வீடு. கடன் அடைந்த பிறகு மாடியில் ஓர் அறை. நகர் என்று முடியும் பெயர்கள் வரிசையாக முளைத்தன. பழைய மீட்டர் கேஜ் ரயில் 2004இல் விடைபெற்று, முழுவதும் அகலப் பாதை ஆனது.

1990களுக்குப் பிறகு கதை வேறு. தனி வீட்டில் முதியவர்கள் இருவர், பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை இடித்து ஆறு அடுக்கு வீடுகள் கட்டிப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு தெருத்தெருவாகப் பரவியது. கிணறுகள் மூடப்பட்டன, ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. எங்கள் தெருவில் கடைசிக் கிணற்றை மூடிய நாளில், பக்கத்து வீட்டு அம்மா அதன் மேடையில் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினார். நாற்பது ஆண்டுகள் குடித்த தண்ணீர் என்றார். நான் ஒன்றும் பேச முடியாமல் நின்றேன்.

எம்.ஐ.டி. கல்லூரி எப்படி இங்கே வந்தது?

சி. ராஜம் என்ற தொழிலதிபர் 'இந்தியா ஹவுஸ்' என்ற தம் மாளிகையை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு 1949இல் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். விமானவியல், மின்னணுவியல், மோட்டார் வாகனப் பொறியியல் போன்றவை நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத காலத்தில் அவற்றைப் பாடமாக வைத்தார். 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

1950களில் ராமேசுவரத்திலிருந்து வந்து இங்கே விமானவியல் படித்த அப்துல் கலாமின் சேர்க்கைக் கட்டணத்துக்கு, அவருடைய அக்காள் சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியல் படித்ததும் இங்கேதான். பின்னாளில் குடியரசுத் தலைவரானவரும் தமிழில் அறிவியலை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவரும் குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தவர்கள் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

சானடோரியம் என்பது தனி ஊரா?

குரோம்பேட்டைக்குத் தெற்கே அடுத்த ரயில் நிலையம் அது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் உணவும்தான் சிகிச்சை. டாக்டர் டேவிட் சௌரி முத்து பச்சைமலை அடிவாரத்தில் 1928இல் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பின்னர், எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே மற்ற இடங்களில் தயங்கிய 1990களில், அவர்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை இதுதான். 1984இல் வந்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸும் இதே நிலையத்தை ஒட்டியது. காலை ரயிலில் சாப்பாட்டுப் பையோடு இறங்கும் பெண் தொழிலாளர்களின் கூட்டத்தை வைத்தே நேரம் சொல்லிவிடலாம்.

சரி, தண்ணீர் எப்படி?

தெருவுக்குத் தெரு மாறும் என்பதே உண்மையான பதில். வீடு பார்க்கும்போது தரகரைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள், மே மாதத்தில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.

மேற்குப் பக்கம் நாகல்கேணியிலும் பல்லாவரத்தைச் சுற்றியும் பின்னாளில் ஏராளமான சிறு தோல் ஆலைகள் வந்தன. அவற்றின் கழிவுநீர் பல ஆண்டுகள் சுத்திகரிக்கப்படாமலே வெளியேறி மண்ணில் இறங்கியது. 1990களில்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதற்குள் நிலத்தடி நீர் உப்பேறியும், பல இடங்களில் குரோமியம் கலந்தும் கெட்டிருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம்தான் இந்தியத் தர அளவின் எல்லை. இங்கே எடுத்த மாதிரிகளில் அந்த எல்லை பலமுறை தாண்டப்பட்டிருக்கிறது.

ஒரு விளக்கம். பதனிடும் உப்பில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம், அதன் நச்சுத்தன்மை குறைவு. அறுவிணைதிறன் வடிவம்தான் ஆபத்தானது, புற்றுநோயையே உண்டாக்கக் கூடியது. மண்ணின் தன்மையைப் பொறுத்து முதல் வடிவம் இரண்டாவதாக மாறவும் கூடும். ஆகையால் 'எங்கள் கழிவில் இருப்பது தீங்கற்றது' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். கொதித்தால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். நாகல்கேணிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த எண்ணினால், ஆய்வகத்தில் கொடுத்து உலோகச் சோதனை செய்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஊருக்குப் பெயர் தந்த உலோகம் ஊரின் தண்ணீரிலும் கலந்துவிட்டது. இதைச் சொன்னால் மனை விலை குறைந்துவிடும் என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. நாகல்கேணியில் குடம் எடுத்துக்கொண்டு குழாயடியில் நிற்கும் பெண்களின் மனை விலையைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை.

மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா?

தாழ்வான இடங்களில் நிற்கும். கிழக்கே நெமிலிச்சேரி, செம்பாக்கம், சிட்லபாக்கம், அஸ்தினாபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் கலங்கல் வழியே அடுத்ததற்குப் போகும், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பாசனம் நின்றதும் வரத்துக் கால்வாய்கள் மனையாயின. பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் செல்லும் சாலை இரண்டாகவே பிளந்துவிட்டது. 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடியபோது அந்த வழியில் நம் வீடுகள் நின்றன.

நல்ல செய்தியும் இருக்கிறது. சிட்லபாக்கம் ஏரியில் குப்பை கொட்டுவதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிக் கையாலேயே சுத்தம் செய்து, விடாமல் போராடினார்கள். 2019இல் அரசு அதைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. இன்று மாலையில் அதன் கரையில் மனிதர்கள் நடக்கிறார்கள்.

வீடு வாங்குவதானால் பழைய நில அளவைப் புலப்படத்தில் உங்கள் மனைக்குப் பக்கத்தில் ஓடை, கால்வாய், ஏரி உள்வாய் (ஏரிக்குள் அடங்கும் நிலம்) என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். நவம்பரில் ஒரு மழை நாளில் போய் நேரில் நின்று பார்ப்பது அதைவிட நல்லது.

குரோம்பேட்டை சென்னையில் சேருமா?

பேச்சில் சேரும், நிர்வாகத்தில் சேராது. நீண்ட காலம் பல்லாவரம் நகராட்சியில் இருந்தது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதில் வந்தது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி உருவானது முதல், இது அதன் பகுதி. சொத்து வரி கட்டவும் குப்பை அள்ளவில்லை என்று முறையிடவும் தாம்பரம் மாநகராட்சியைத்தான் நாட வேண்டும்.

எந்தப் பக்கம் குடியிருப்பது வசதி, ரயில் பாதைக்குக் கிழக்கா, மேற்கா?

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் அருகருகே ஓடி ஊரை இரண்டாக வகுந்திருக்கின்றன. பேருந்து, துணிக்கடை, நகைக்கடை, அரசு மருத்துவமனை எல்லாம் பெருஞ்சாலையில். ராதா நகர், அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் கிழக்கே. கிழக்கே இருப்பவர்களின் வாழ்வில் ரயில்வே கேட் ஒரு பாத்திரமாகவே இருந்தது. கேட் மூடியிருக்கும்போது ஆம்புலன்சு நிற்பதைப் பார்த்துக்கொண்டு கைபிசைந்து நின்ற நிமிடங்களை நான் மறக்கவில்லை. ராதா நகர் சுரங்கப்பாதை பேச்சாகவும் பாதி வேலையாகவும் பல ஆண்டுகள் கிடந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம்வரை சுமார் 15.5 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் நீட்டிப்புத் திட்டம் இந்தச் சாலை வழியாகத்தான். அதை நம்பி இன்றே கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அமைதி வேண்டுமென்றால் கிழக்கின் உட்தெருக்கள். வேலைக்குப் பறக்க வேண்டுமென்றால் நிலையத்துக்கு நடக்கும் தூரம்.

மனிதர்கள் எப்படி?

காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் வாங்க வருகிறவர்களே ஆறரைக்கு நடைப்பயிற்சியிலும் ஏழரைக்கு ரயில் மேடையிலும் தெரிவார்கள். குமரன்குன்றத்துப் படிகளில் கிருத்திகை அன்று முழங்கால் வலியோடு ஏறும் பாட்டிமார்கள், மார்கழியில் கோலத்துக்கு நடுவே பூசணிப்பூ வைக்க இன்னும் இடம் தேடுகிறவர்கள், வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய மின்விசிறியிலிருந்து செடி நாற்றுவரை பேரம் பேசி வாங்கி வருகிறவர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். எளிதில் வீட்டுக்குள் அழைத்துவிட மாட்டார்கள். ஆனால் வெள்ளத்தின்போது மொட்டை மாடியில் முன்பின் தெரியாத மூன்று குடும்பங்களுக்குச் சோறு வடித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு நாளில் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால்?

வெள்ளிக்கிழமை வாருங்கள். காலையில் பல்லாவரம் சந்தை. பிறகு திருநீர்மலை ஏறி, உச்சியிலிருந்து சுற்றிலும் பாருங்கள். ஏரிகளும் அவற்றை நெருக்கும் கட்டடங்களும் விமான நிலையமும் தெரியும். இறங்கி வரும் திருநீர்மலைச் சாலையில்தான் நாகல்கேணி. அங்கே அவசரப்படாமல் கொஞ்சம் நடங்கள். தேநீர்க் கடையில் வயதானவர் யாராவது இருந்தால் தோல் ஆலை நாட்களைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பீப்பாயில் எத்தனை தோல், கையில் எந்த இடத்தில் தழும்பு, எந்த ஆண்டு எந்தக் கிணறு மஞ்சளாக மாறியது என்று அவர் சொல்லுவார். குறித்துக்கொள்ள ஒரு நோட்டு கொண்டுபோங்கள்.